இரும்பின் தடம்: மியாசாக்கியின் 'மோனோநோகே இளவரசி' திரைப்படத்தில் காடும் உலைக்களமும்

ஆய்வுச் சுருக்கம்

ஹயாவோ மியாசாக்கி எழுதி இயக்கிய 'மோனோநோகே இளவரசி' (1997) என்னும் ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படம், மனிதருக்கும் இயற்கைக்கும் இடையிலான போராட்டத்தைச் சித்திரிப்பது என்றே பெரும்பாலும் அறிமுகம் பெறுகிறது. இவ்விருமை எதிர்வு படத்தின் கட்டமைப்பை முழுமையாக விளக்கப் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இரும்பு என்னும் பொருள் படத்தில் செல்லும் தடத்தைப் பின்பற்றி, காட்டை அழிக்கும் உலைக்களமே சமூகத்தால் ஒதுக்கப்பட்டோரின் ஒரே புகலிடமாகவும் அமைந்திருப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. இப்படத்தின் அவலம் நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிகழ்வதன்று; ஒரு நீதிக்கும் மற்றொரு நீதிக்கும் இடையே நிகழ்வது என்று இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மியாசாக்கி, அசைவூட்டத் திரைப்படம், சூழலியல் திறனாய்வு, தத்தாரா, தத்தரி, விளிம்புநிலையினர்.

முன்னுரை

ஸ்டுடியோ ஜிப்லி நிறுவனத்தின் தயாரிப்பாக 1997 ஜூலை 12 அன்று ஜப்பானில் வெளியான 'மோனோநோகே இளவரசி', அதுவரை அந்நாட்டில் வெளிவந்த படங்களுள் மிகுதியான வசூலை ஈட்டியது. அவ்விடத்தைப் பின்னர் 'டைட்டானிக்' கைப்பற்றியது. சற்றொப்ப 2 மணி 13 நிமிடம் ஓடும் இப்படத்தின் களம், முரோமாச்சிக் காலத்து (1336–1573) ஜப்பான். ஆயினும் அக்காலத்தைப் பற்றிய ஜப்பானியப் படங்களில் நாம் எதிர்பார்க்கும் வீரர்களும் கோட்டைகளும் நெல்வயல்களும் இதில் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றன. இரும்பு உருக்குவோர், மாட்டுவண்டி ஓட்டுவோர், தொழுநோயாளர், வேட்டைக்காரர், நாடோடித் துறவியர் ஆகியோர் நடுவுக்கு வருகின்றனர். வேளாண் குடிகளைக் கொண்டு மட்டும் ஜப்பானிய வரலாற்றை எழுத இயலாது என்று வலியுறுத்திய வரலாற்றறிஞர் யோஷிஹிக்கோ அமினோவின் தாக்கம் இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

இப்படத்தைக் காணும் தமிழ் ஆய்வாளருக்குத் திணைக் கோட்பாட்டின் வழி அதனை வாசிக்கும் விருப்பம் எழுவது இயல்பு. நிலம், தெய்வம், தொழில், விலங்கு ஆகிய அனைத்தும் படத்தில் உள்ளன. எனினும் ஓர் அடிப்படை வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். திணை மரபில் ஒரு நிலத்தின் தெய்வமும் அந்நிலத்தின் தொழிலும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. இப்படத்திலோ நிலத்தின் தெய்வமும் நிலத்தில் நிகழும் தொழிலும் ஒன்றையொன்று அழிக்கும் நிலையில் எதிரெதிரே நிற்கின்றன. எனவே இக்கட்டுரை படத்தை அதன் ஜப்பானிய வரலாற்றுச் சூழலிலேயே வைத்து அணுகுகிறது.

கதைப்போக்கு

வடகிழக்கில் மறைந்து வாழும் எமிஷி இனத்தவரின் ஊரை, உடலெங்கும் கரும்புழுக்கள் நெளிய ஒரு காட்டுப்பன்றித் தெய்வம் தாக்குகிறது. ஊரைக் காக்க அதனை எய்து வீழ்த்தும் இளவரசன் அஷிதாக்காவின் வலக்கையில் சாவைத் தரும் தழும்பு பதிகிறது. பன்றியின் உடலிலிருந்து ஓர் இரும்புக்குண்டு கிடைக்கிறது. அக்குண்டு வந்த இடத்தைத் தேடி மேற்கே செல்லும் அவன், எபோஷி என்னும் பெண் ஆளும் உலைக்களத்தையும், அதனை எதிர்க்கும் ஓநாய்த் தெய்வம் மோரோவையும், மோரோ வளர்த்த மனிதப்பெண் சானையும் காண்கிறான். காட்டின் முதன்மைத் தெய்வமாகிய ஷிஷிகாமியின் தலை சாவாமையைத் தரும் என நம்பும் பேரரசர், ஜிகோ என்னும் துறவியின் வழியே அதனைக் கவர முயல்கிறார். தலை துண்டிக்கப்படுகிறது, காடும் உலைக்களமும் அழிகின்றன, அஷிதாக்காவும் சானும் தலையை மீட்டளிக்கின்றனர். கதை இவ்வளவே. ஆனால் கதைமாந்தர் எவரையும் தீயோர் என்று ஒதுக்க இயலாதபடி இக்கதை பின்னப்பட்டுள்ளது.

தத்தரி: சாபம் என்னும் சொல்லின் போதாமை

அஷிதாக்காவின் கையில் படிவதை ஜப்பானிய மொழி 'தத்தரி' என்கிறது. இதனைச் சாபம் என்று பெயர்ப்பது எளிது, ஆயினும் பொருந்தாது. சாபத்திற்குச் சபிப்பவர் ஒருவரும் சபிக்கப்படுபவரின் பிழையும் வேண்டும். தத்தரியோ வருந்திய தெய்வத்தின் அல்லது அநீதியாக இறந்தவரின் ஆற்றல், எதிர்ப்பட்டவர் மீது படர்வது. வருத்தும் தெய்வத்தையும் அது தரும் வருத்தத்தையும் ஒருசேரக் குறிக்கும் 'அணங்கு' என்னும் சங்கச் சொல்லே இதற்கு ஓரளவு அண்மையில் நிற்கிறது.

ஜப்பானில் இந்நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. அரசவைச் சூழ்ச்சியால் நாடுகடத்தப்பட்டு 903இல் இறந்த சுகவாரா நோ மிச்சிசானே என்னும் அறிஞரின் ஆவியே பின்னர் நேர்ந்த பேரிடர்களுக்குக் காரணம் எனக் கருதப்பட்டு, அவர் தெய்வமாக்கி வழிபடப்பட்டார். அதாவது, தீங்கிழைக்கப்பட்டவருக்கு வழிபாடு செய்து சமன் காண்பது அம்மரபு. படத்தின் தொடக்கத்தில் ஊர் மூதாட்டி செய்வதும் அதுவே. இறக்கும் பன்றியின் முன் தலைவணங்கி, மேடெழுப்பி வழிபடுவதாக உறுதி கூறுகிறாள். அவ்வுறுதியை அது ஏற்கவில்லை. மனிதர் மீதான வெறுப்பை உமிழ்ந்துவிட்டே அழிகிறது.

இக்காட்சியின் நுட்பம் கவனத்திற்குரியது. சடங்கு தோற்பதற்கு அதன் குறைபாடு காரணமன்று. தீங்கு வேறொரு நிலத்தில், வேறு மனிதரால் இழைக்கப்பட்டது. வருந்துவோர் அதனோடு தொடர்பற்றவர். தொலைவில் நிகழும் உற்பத்தியின் கேட்டினை அதில் பங்கேற்காத ஒரு சிற்றூர் சுமக்கும்போது, அவ்வூரின் மரபான பரிகாரம் பயனற்றுப் போகிறது. அதனால்தான் மூதாட்டி அஷிதாக்காவிடம் பழிவாங்குமாறு கூறவில்லை. மேற்கே சென்று, மாசற்ற கண்களால் பார்க்குமாறு கூறுகிறாள். சடங்கு நின்ற இடத்தில் விசாரணை தொடங்குகிறது. படம் முழுவதும் அஷிதாக்கா செய்யும் முதன்மையான செயல், பார்த்தலே. எய்தலும் சுமத்தலும் அதன் பின்னரே வருகின்றன.

உலைக்களம்: விளிம்பினரின் புகலிடம்

'தத்தாரா' என்பது இரும்புமணலையும் மரக்கரியையும் களிமண் உலையிலிட்டு உருக்கும் ஜப்பானிய மரபுத் தொழில்நுட்பம். இன்றைய ஷிமானே மாநிலத்தை உள்ளடக்கிய மேற்கு ஜப்பானின் மலைப்பகுதி இதன் முதன்மை மையமாக விளங்கியது. இத்தொழில் இருவகையில் நிலத்தை உண்டது. ஒன்று, கரிக்காகக் காடு வெட்டப்பட்டது. மற்றொன்று, மலைச்சரிவுகளை வெட்டி நீரில் கரைத்து இரும்புமணலைப் பிரித்ததால் ஆறுகளில் வண்டல் படிந்து படுகைகள் உயர்ந்தன. படத்தில் உலைக்களத்தைச் சூழ்ந்துள்ள மொட்டை மலைகள் வெறும் கற்பனையல்ல. ஒரு தொழிலின் உண்மையான தடங்கள்.

அவ்வுண்மையின் மீது மியாசாக்கி செய்யும் இரு மாற்றங்கள் ஆராயத்தக்கவை. பலர் சேர்ந்து மிதிக்கும் பெரிய மிதிதுருத்திகள் படத்தில் இடம்பெறுகின்றன. இவற்றோடு ஒப்பிடத்தக்க மேம்பட்ட மிதிதுருத்தி வழக்கிற்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. இது காலவழு எனலாம். மற்றொன்று இதனினும் முதன்மையானது. தத்தாரா தொழிலாளர் வழிபட்ட கனயாகோ என்னும் தெய்வம் பெண்களை விரும்பாதது என்பது நம்பிக்கை. அதனால் பெண்கள் உலைக்கூடத்தினுள் அனுமதிக்கப்படவில்லை. படத்திலோ துருத்தியை மிதிப்போர் அனைவரும் பெண்கள். பரத்தையர் விடுதிகளிலிருந்து எபோஷியால் மீட்கப்பட்டவர்கள். வேலை கடினமானது, ஆயினும் வயிறார உண்கிறோம், ஆண்கள் எங்கள் மீது அதிகாரம் செலுத்துவதில்லை என்று அவர்கள் அஷிதாக்காவிடம் மகிழ்ந்து கூறுகின்றனர். அவனும் துருத்தியில் ஏறி அவர்களோடு மிதிக்கிறான். வரலாற்றில் பெண்ணுக்கு மூடப்பட்டிருந்த ஓர் இடத்தையே அவளது விடுதலையின் இடமாகப் படம் மாற்றியமைக்கிறது. இது அறியாமையால் நேர்ந்த பிழையாக இருக்க இயலாது. எபோஷி தெய்வங்களுக்கு அஞ்சாதவள் என்பதை, காட்டுத் தெய்வத்தைக் கொல்லும் காட்சிக்கு முன்பே, இவ்வுலைக்கூடம் அறிவித்துவிடுகிறது. பெண்களை விடுவித்த துணிவும் காட்டை அழித்த துணிவும் ஒன்றே என்பது இதனால் பெறப்படும்.

இதன் உச்சம் தொழுநோயாளர் காட்சி. எபோஷியின் தோட்டத்துக் குடிலில் உடலெங்கும் கட்டுகளோடு அமர்ந்து அவர்கள் புதிய துப்பாக்கிகளைச் செய்கின்றனர். பன்றித் தெய்வத்தைத் துளைத்த குண்டு தன்னுடையதே என்பதை எபோஷி அங்கே ஒப்புக்கொள்கிறாள். அஷிதாக்காவின் தழும்பேறிய கை அவன் விருப்பத்தையும் மீறி அவளைக் கொல்ல எழுகிறது. அப்போது படுக்கையில் கிடக்கும் முதிய நோயாளி பேசுகிறார். தம் அழுகும் உடலை அருவருக்காமல் கழுவிக் கட்டிட்டவர், தம்மை மனிதராக நடத்தியவர் அவர் ஒருவரே என்பதும், உலகையும் மனிதரையும் வெறுத்தபோதும் வாழவே விரும்புகிறோம் என்பதும் அவர் மொழியின் சாரம்.

இக்காட்சிக்குப் படத்திற்கு வெளியிலும் ஒரு பின்புலம் உண்டு. தொழுநோயாளரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த வழிசெய்த சட்டத்தை ஜப்பான் நீக்கியது 1996இல், அதாவது படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர்தான். தம் வாழிடத்திற்கு அண்மையிலுள்ள தொழுநோயாளர் காப்பிடமான தாமா சென்ஷோஎன்னுக்குச் சென்ற பட்டறிவே அப்பாத்திரங்களுக்குத் தூண்டுதல் என்பதை மியாசாக்கி பின்னாளில் வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

இனி, இரும்பின் தடத்தை ஒருங்கே நோக்கலாம். மணலாக மலையிலிருந்து எடுக்கப்படும் இரும்பு, பெண்களின் உழைப்பால் உருகி, அரிசியாக மாறி அவர்களுக்கே உணவாகிறது. துப்பாக்கியாகி அவர்களைக் காக்கிறது. குண்டாகிப் பன்றியின் உடலில் நஞ்சாகிறது. தழும்பாகி, தொலைவில் வாழ்ந்த ஓர் இளைஞனின் கையில் பதிகிறது. சோறும் பாதுகாப்பும் நஞ்சும் ஒரே பொருளின் வேறுவேறு நிலைகள். இவற்றுள் ஒன்றைப் போற்றி மற்றொன்றைப் பழிப்பது இயலாததாகிறது. அஷிதாக்காவின் கை செயலற்று விழுவதும் இவ்விடத்திலேதான்.

காட்டின் அரசியலும் பேசாத தெய்வமும்

எதிர்ப்பக்கத்தில் காடு ஒற்றைக் குரலாக இல்லை. மோரோவின் ஓநாய்கள் எபோஷி ஒருத்தியைக் கொல்ல விரும்புகின்றன. கியூஷூவிலிருந்து கடல்கடந்து வந்த பார்வையற்ற முதுபன்றி ஒக்கோத்தோ, தன் இனம் உருவில் சிறுத்து அறிவில் குன்றி வருவதை உணர்ந்தும், மானத்தின் பொருட்டு நேர்நின்று போரிட்டு அழியத் துணிகிறது. இரவில் மரம் நடும் குரங்குகள், மனிதனின் வலிமையைப் பெறுவதற்காக அஷிதாக்காவைத் தின்னக் கேட்கின்றன. இவ்விலங்குகள் பேசுகின்றன, வாதிடுகின்றன, ஒன்றையொன்று ஐயுறுகின்றன. தன்மானமும் வெறுப்பும் உத்திகளும் அவற்றுக்கு உண்டு. சுருங்கக் கூறின், அவற்றுக்கும் அரசியல் உண்டு.

ஷிஷிகாமி மட்டுமே பேசுவதில்லை. பகலில் பல கிளைகளாய் விரிந்த கொம்புகளும் மனிதச் சாயல் கொண்ட முகமும் உடைய விலங்காகவும், இரவில் வானளாவிய ஒளியூடுருவும் உருவாகவும் அது திரிகிறது. அதன் காலடி படும் இடத்தில் செடிகள் முளைத்துத் தழைத்து அந்நொடியிலேயே வாடுகின்றன. பிறப்பையும் இறப்பையும் ஒரே அடிவைப்பில் காட்டும் இவ்வசைவூட்டம், படத்தின் தத்துவத்தைச் சொல்லின்றி உணர்த்துகிறது. அஷிதாக்காவின் குண்டுக்காயத்தை ஆற்றும் அத்தெய்வம், அவன் கைத்தழும்பை ஆற்றாமல் விடுகிறது. தன் பொருட்டுப் போரிட்ட ஒக்கோத்தோவுக்கு வெற்றியைத் தரவில்லை. அதன் உயிரை எடுத்துக்கொள்கிறது. அது எப்பக்கமும் சாராதது.

இதனால் 'மனிதர் எதிர் இயற்கை' என்னும் வாய்பாடு இரு வகையில் உடைகிறது. போரிடும் விலங்குகள் மனிதரைப் போலவே நலன்களும் மானமும் கொண்ட ஒரு தரப்பு. உயிராற்றலின் வடிவமான ஷிஷிகாமியோ தரப்பே அன்று. தரப்பல்லாத ஒன்றைத் தரப்பாகக் கருதித் தாக்குவதே எபோஷியின் பிழை. ஷிஷிகாமியைக் கொன்றால் விலங்குத் தெய்வங்கள் வெறும் விலங்குகளாகிவிடும் என்று அவள் கணக்கிடுகிறாள். தலையற்ற உடலிலிருந்து பெருகும் கருங்குழம்பு, அக்கணக்கு எத்துணைத் தவறானது என்பதைக் காடு, விலங்கு, மனிதர் என்ற வேறுபாடின்றி அனைத்தையும் தீண்டி அழித்துக் காட்டுகிறது.

திரையில் தோன்றாத அதிகாரம்

ஷிஷிகாமியின் தலை யாருக்குத் தேவை? உலைக்களத்துப் பெண்களுக்கன்று. பேரரசரின் ஆணையோலையை எபோஷி அவர்களிடம் காட்டும்போது, அவர் யாரென்றே அவர்கள் அறியாதிருக்கின்றனர். தமக்குச் சாவாமை வேண்டும் என்னும் பேரரசர் படம் முழுவதிலும் திரையில் தோன்றுவதே இல்லை. அவர் சார்பில் வந்தோர், பன்றிகளுடனான போரில் உலைக்களத்து ஆண்களை இரையாக முன்னிறுத்தி, வெடியில் பன்றிகளோடு சேர்த்து அவர்களையும் மடியச் செய்கின்றனர். அதே வேளையில் இரும்பின் மீது ஆசை கொண்ட அசானோ பிரபுவின் வீரர்கள் உலைக்களத்தை முற்றுகையிடுகின்றனர்.

காட்டை அழிப்போர் என்னும் பெயரில் நாம் திரையில் காண்பது உழைப்போரை. அவ்வழிவின் இறுதிப் பயனை நாடுவோர் திரைக்கு அப்பால் இருக்கின்றனர். இவ்வேறுபாட்டைக் கருதாமல் 'மனிதன் பேராசை பிடித்தவன்' எனப் பொதுமையாக முடிக்கும் வாசிப்பு, பசியையும் பேராசையையும் ஒரே தராசில் இடுகிறது. சூழலியல் திறனாய்வு எதிர்கொள்ள வேண்டிய முதன்மையான இடர்ப்பாடு இதுவே. தொழுநோயாளரின் குடிலைக் கணக்கில் கொள்ளாமல் காட்டின் மீது கொள்ளும் பரிவு, அக்குடிலுக்குச் செல்ல வேண்டிய தேவை இல்லாதோரின் பரிவாகச் சுருங்கிவிடும்.

மீண்டதும் மீளாததும்

தலை திரும்ப அளிக்கப்பட்டதும் விடியல் வருகிறது; ஷிஷிகாமி வீழ்கிறது; மொட்டை மலைகளில் பசுமை படர்கிறது. இதனை மங்கல முடிவாகக் கொள்வது எளிது. ஆனால் படத்தின் ஓவியங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. நாம் முன்பு கண்ட காடு இருண்டது, பாசி படர்ந்தது, முறுக்கேறிய வேர்களும் தேங்கிய நீரும் கொண்டது. அதற்கு முன்மாதிரி, 1993இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற யாக்குஷிமா தீவின் காடு. மேற்கு ஜப்பானிலிருந்து இமயமலை அடிவாரம் வரை தொடரும் பசுமைமாறா அகன்ற இலைக் காடுகளைப் பற்றிய சாசுகே நக்காவோவின் பண்பாட்டுக் கோட்பாடு மியாசாக்கியை ஆழமாகப் பாதித்திருந்தது. இறுதியில் முளைப்பதோ வெளிச்சம் நிறைந்த, புல்லும் இளஞ்செடியும் மண்டிய சரிவுகள். அழகியவைதாம், ஆனால் முன்பிருந்த முதுகாடு அன்று. இது ஷிஷிகாமியின் காடு அன்று எனச் சான் கூறுவதன் பொருளும் அதுவே. பேசும் விலங்குத் தெய்வங்களின் தலைமுறை மோரோவோடும் ஒக்கோத்தோவோடும் முடிந்துவிடுகிறது. கடைசிச் சட்டகத்தில் ஒரே ஒரு கோதாமா, மரத்தின் சிற்றாவி, தலையை அசைத்து ஒலியெழுப்புகிறது.

மாந்தரின் முடிவுகளும் இதற்கு இணங்கவே அமைகின்றன. சானால் மனிதரை மன்னிக்க இயலவில்லை. அவள் காட்டில் வாழ்வாள். அஷிதாக்கா உலைக்களத்தை மீண்டும் கட்டுவதில் உழைப்பான். அவ்வப்போது அவளைக் காண வருவான். ஒரு கையை இழந்த எபோஷி, நல்ல ஊர் ஒன்றை மீண்டும் தொடங்குவோம் என்கிறாள். திருமணமோ முழுமையான ஒப்புரவோ இல்லை. அஷிதாக்காவின் கைத்தழும்பு மங்கினாலும் அதன் சுவடு எஞ்சுகிறது. 1984இல் வெளிவந்த மியாசாக்கியின் 'நவுசிக்கா' படத்தில் நாயகியின் தன்னுயிர் ஈகமும் மீட்பும் இருதரப்பையும் அமைதிப்படுத்தின. 13 ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய மீட்பரை அவர் தரவில்லை. நாள்தோறும் இரு இடங்களுக்கிடையே நடக்க வேண்டிய ஒருவனையே தருகிறார்.

படத்தின் வரம்புகள்

இத்தகைய சமநோக்கிலும் சில இடைவெளிகள் உள்ளன. முதலாவது, எமிஷி ஊர். கதையின் தொடக்கத்தில் இளைஞர் குறைந்து நலிந்து வரும் இனமாகக் காட்டப்படும் அது, அஷிதாக்கா புறப்பட்ட பின் மறக்கப்படுகிறது. தீங்கில் பங்கேற்காமலே அதன் விலையைச் செலுத்திய அவ்வூருக்கு, குண்டின் தோற்றுவாயைக் கண்டறிந்த செய்தி கூடச் சென்றடைவதில்லை. இரண்டாவது, சான். பெற்றோர் மோரோவுக்கு அஞ்சித் தப்பியோடும்போது எறிந்துவிட்டுச் சென்ற குழந்தை அவள் என்பதை மோரோவின் வாய்மொழியாகவே அறிகிறோம். படத்தின் பெயரைத் தாங்கும் அவளுக்கு, எபோஷிக்குக் கிடைக்கும் அளவு விரிந்த உள்முரண் கிடைக்கவில்லை. 'மோனோநோகே இளவரசி' என்பதும் அவளே சூடிய பெயரன்று. எதிர்த்தரப்பினர் இட்ட பெயர். மூன்றாவது, அஷிதாக்கா கட்டப்போகும் ஊரில் கரி எங்கிருந்து வரும் என்னும் வினா. இரும்பு உருக்காமல் அப்பெண்களும் நோயாளரும் எதைக் கொண்டு வாழ்வர்? நல்ல ஊர் என்னும் எபோஷியின் சொல்லுக்குள் இவ்வினா விடையின்றிக் கிடக்கிறது. முதலிரண்டும் படத்தின் குறைகள். மூன்றாவதை, பார்வையாளரிடம் கையளிக்கப்பட்ட கடனாகவே கொள்ளத் தோன்றுகிறது.

முடிவுரை

'மோனோநோகே இளவரசி' காட்டைக் காக்க வேண்டும் என்னும் அறவுரையைக் கூறுவதோடு அமையவில்லை. காட்டை அழிக்கும் கைகள் யாருடையவை, அவை அவ்வாறு செய்யக் காரணம் யாது, அவ்வழிவின் பயன் யாரைச் சென்றடைகிறது என்னும் வினாக்களை அது தொடர்ந்து எழுப்புகிறது. தத்தரி என்னும் கருத்தாக்கம், தீங்கு இழைக்கப்பட்ட இடத்திலேயே தங்காது பயணம் செய்யும் என்பதை உணர்த்துகிறது. உலைக்களம், ஒரு சமூக நீதி மற்றோர் உயிரமைப்பின் அழிவின் மீது கட்டப்படக்கூடும் என்பதைக் காட்டுகிறது. பேசாத ஷிஷிகாமி, இயற்கையைப் பகையாகவோ துணையாகவோ கருதும் இரு நோக்குகளையும் மறுக்கிறது.

மாசற்ற கண்களால் பார்த்தல் என்பது நடுநிலை என்னும் பெயரில் ஒதுங்கி நிற்பதன்று. அஷிதாக்கா துருத்தியை மிதித்தான். சானைத் தோளில் சுமந்து உலைக்களத்தின் கதவைத் திறந்தான். இருதரப்பின் காயங்களையும் தன் உடலில் ஏற்றான். இரு நீதிகளும் மோதும் இடத்தில் இரண்டையும் மறவாது நிற்பதே அப்பார்வை. சூழலியல் திறனாய்வு இப்படத்திடமிருந்து கற்கத்தக்கதும் அதுவே.